விளக்கெண்ணெய் குடித்த சாட்சி

எங்கள் சிறையில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. காலையில் எதிரே வருபவனைப் பார்த்து "ஆச்சா?" என்று கேட்போம். ஆகியிருந்தால் முகமே சொல்லிவிடும். ஆகாதவன் கையை விரித்துக் காட்டிவிட்டு, ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நடந்து போவான்.

அறுபது தாண்டிய கைதிகளுக்கென்று பொட்டல்காட்டில் தனியாகக் கட்டிய சிறை இது. வெளியே உலகம் சந்திரனில் மனை போட்டு விற்கத் தொடங்கியிருந்தது. உள்ளே நாங்கள் மலச்சிக்கல், மூலம், அல்சர், வாயு என்று நான்கு சாதியாகப் பிரிந்து கிடந்தோம். கலப்பும் உண்டு.

என் பெயர் பலவேசம். இல்லாத நிலத்தை இருக்கிற ஆட்களுக்கு விற்றவன். ஒருமுறை கோயில் குளத்தையே, "தண்ணி வசதி உண்டு" என்று சொல்லி ஒருவர் தலையில் கட்டினேன். அதில் பொய் எதுவும் இல்லை என்பது இன்றும் என் கட்சி. கடைசியாக ஒரு நீதிபதியின் மைத்துனருக்கு விற்றேன். ஆள் யாரென்று விசாரிக்காமல் விற்றது தொழிலில் நான் செய்த ஒரே பிழை.

என் பக்கத்துக் கட்டில் மரியசூசை. கடற்கரைக்காரர். மருமகனை ஐஸ் உடைக்கும் கட்டையால் அடித்துக் கொன்றதாக அவரே போலீஸில் போய் ஒப்புக்கொண்டு வந்தவர். தட்டில் எறும்பு ஏறினால் ஊதி இறக்கிவிட்டுப் பிறகு சாப்பிடுகிற மனிதர் எப்படிக் கட்டையைத் தூக்கினார் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். ஆனால் கொலைகாரரிடம் போய் அதைக் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் சுகிர்தா வந்தபிறகுதான் எங்கள் வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கு முன்பிருந்த டாக்டர் கதவருகில் நின்றபடியே எங்கள் வயிற்றைப் பரிசோதிப்பார். இந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்து, "இங்க வலிக்குதா ஐயா?" என்று கேட்டாள். என் வயிற்றை இன்னொருவர் கை தொட்டு எத்தனையோ வருடமாயிற்று. வலிக்காத இடத்திலும் "ஆமா" என்றேன்.

ஒருநாள் அவள் பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே கோலிக்குண்டைவிடச் சிறிய வெள்ளை உருண்டைகள்.

"இதுக்குப் பேரு குடல்தோழன், ஒரு கம்பெனி புதுசா செஞ்சது. முழுங்கினா உள்ள போய் ஒட்டிக்கும். குடல் சோம்பேறித்தனமா இருந்தா லேசா உசுப்பிவிடும். உள்ள என்ன சத்தம், என்ன அசைவுன்னு எனக்குச் சொல்லும். ரெண்டு மூணு மாசத்துல தானா விழுந்துடும், புதுசு தருவேன்."

"எதுக்குன்னுதான் கேக்கேன்," என்றார் மரியசூசை. "நம்ம மேல கம்பெனிக்காரனுக்கு என்ன இம்புட்டுப் பாசம்?"

"உங்க வயித்துக்கு மட்டும்தான் ஐயா. வேற எதுக்கும் இல்ல. நான் சொல்றேன்ல?"

அவள் சொன்னாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? ஊரையே ஏமாற்றியவனுக்கு, தான் ஏமாறுவது எப்படி இருக்கும் என்று தெரியாது. முதல் உருண்டையை நானே விழுங்கினேன். மூன்றாம் நாள் காலை, சின்ன வயதில் ஆடு மேய்த்த காலத்தில் எப்படியோ அப்படி ஆயிற்று. நான் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து வார்டே வரிசையில் நின்று விழுங்கியது. கம்பெனி எனக்குத் தரகுக் கமிஷன் தரவில்லை என்பதுதான் குறை.

உருண்டை விலை அதிகமாம். அதனால் கக்கூஸில் சல்லடை பொருத்தினார்கள். யாருடையதாவது விழுந்தால் சல்லடையில் 'டிங்' என்று கேட்கும். வார்டே கைதட்டும். ஒவ்வொரு உருண்டையிலும் எண் உண்டு, என்னுடையது பதினான்கு. அதைப் பொறுக்கிக் கழுவி டாக்டரின் பெட்டியில் சேர்ப்பது சக கைதி ஆதிமூலத்தின் வேலை. வார்டில் மூலவியாதி இல்லாத ஒரே ஆள் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை கொண்டைக்கடலைச் சுண்டல் போட்டார்கள். மாலையில் மரியசூசை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். முகம் வெளிறிப்போய், வியர்வை வழிந்தது.

"வே பலவேசம், நான் போறேன்."

"எங்க போறீரு? கதவு பூட்டியிருக்கு."

"கேலி பண்ணாதீரும். நெஞ்ச அடைக்கி. பாவத்தக் கேக்கச் சாமியாரு இல்ல, நீருதான் இருக்கீரு. நான் ஒண்ணு சொல்லுதேன். என் மனசு தாங்காது." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கொல்லலவே. ரோசாரிதான் அடிச்சா. எம்மவ. அவன் குடிச்சிட்டு வந்து கைப்புள்ளையத் தூக்கிச் செவத்துல எறியப் போனான். இவ கையில அந்தக் கட்டை இருந்துது. ஒரே அடி. அவ செயிலுக்குப் போனா புள்ளைய யாரு பாப்பா? நான் கெழவன், எங்க கெடந்தா என்ன? நான்தான்னு சொல்லிட்டேன்."

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் மரியசூசையின் உடம்பிலிருந்து ஒரு சத்தம். நீளமானது. துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பும்போது ஊதுவார்களே, அந்த மாதிரி. எதிர்க்கட்டிலில் தூங்கியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மரியசூசை கண்ணைத் திறந்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"வலி போயிட்டுவே," என்றார் மெதுவாக.

"சுண்டல் வே, சுண்டல்."

"அப்ப நான் சாகலையா?"

"இல்ல."

அவர் முகம் மாறியது. "அப்ப நான் சொன்னத மறந்துரும்."

"என்ன சொன்னீரு? சுண்டல்ல உப்பு கம்மின்னீரு. அவ்வளவுதான எனக்குக் கேட்டுது."

அவர் என் கையை விடவே இல்லை. மற்றவர் ரகசியத்தை வைத்துக் காசு பார்த்துப் பழகிய எனக்கு, அதைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பது புதிய அனுபவமாக இருந்தது. நன்றாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாளில் மரியசூசையின் பெயர் முன்விடுதலைக்கு வந்தது. அல்சர் முற்றியவர், நன்னடத்தைக்காரர், வயதும் ஆயிற்று. மனுஷர் அன்றிலிருந்து ரோசாரி வைக்கும் சூடைமீன் குழம்பைப் பற்றியே பேசினார். "உமக்கு ஆகாதுவே, எரியும்" என்றால், "எரியட்டும், எம்மவ கையால எரியட்டும்" என்பார்.

விடுதலைக் குழு கூடப்போகிற வாரத்தில் டாக்டர் சுகிர்தா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அன்று வயிற்றில் கைவைக்கவில்லை.

"மரியசூசை ஐயாவைப் பத்திக் குழு உங்களையும் கேப்பாங்க. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவர் நீங்கதானே. அப்ப உங்க உருண்டை காட்டறதையும் திரையில பாப்பாங்க."

"என் வயித்துக்கும் அவர் விடுதலைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். "வயித்துலயும் ஒரு மூளை இருக்குன்னு சொல்வாங்க ஐயா. பயந்தா குடல் அசையாம நின்னுடும். பொய் சொல்றவங்களுக்கு வாய் நடுங்காது, கண் கலங்காது. ஆனா குடல் ஒரு நொடி நிக்கும். அதைச் சாட்சியா எடுத்துக்கலாம்னு புதுசா விதி வந்திருக்கு."

"வயித்துக்கு மட்டும்தான்னு சொன்னீங்களே, தாயி."

"நான் வயித்துக்குத்தான் கொடுத்தேன்," என்றாள். "மேலிடத்துல வேற எதுக்கோ வாங்கியிருக்காங்க."

போகும்போது, "வருத்தமா இருக்கு ஐயா" என்றாள். நான் குளத்தை விற்றபோதுகூட வாங்கியவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்த அளவுக்கு நான் நாகரிகமானவன்.

மரியசூசையிடம் சொன்னதும் அவர் தலையணைக்கடியில் கைவிட்டு ஒரு சீசாவை எடுத்தார். விளக்கெண்ணெய். உருண்டை வருவதற்கு முன் சிறை ஆஸ்பத்திரி எங்களுக்கு ஊற்றிய மருந்து. அவர் மிச்சம் பிடித்து வைத்திருந்தார்.

"கேள்வி கேக்குற அன்னிக்குக் காலையில இதக் குடியும். வயிறு தேர் ஓடுன மாதிரி கடகடன்னு கெடந்தா, எங்க நின்னுது எங்க ஓடுச்சுன்னு எந்தத் தெரை கண்டுபிடிக்கும்?"

பெரிய விஞ்ஞானிகள் உட்கார்ந்து செய்த கருவியை மலச்சிக்கல்காரர்கள் இரண்டுபேர் ஒரு சீசாவால் ஜெயித்துவிடப்போகிற சந்தோஷத்தில் இருவரும் சிரித்தோம். குழு கூடிய அன்று காலை மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுச் சீசாவையும் குடித்தேன். அதன்பின் நடந்ததை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். எத்தனை முறை ஓடினேன் என்று எண்ணவும் நேரம் இருக்கவில்லை.

குழுவில் மூன்றுபேர். நடுவில் தலைவர், ஒருபக்கம் கம்பெனி அதிகாரி, இன்னொருபக்கம் திரையை வைத்துக்கொண்டு டாக்டர் சுகிர்தா. திரையில் ஒரு பச்சைக்கோடு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. என் வயிறும் அப்படித்தான் இருந்தது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பெயர்?"

"பலவேசம்."

"மரியசூசை எப்படிப்பட்டவர்?"

"தங்கமான மனுசன். குறட்டை ஒண்ணுதான் குறை."

"மருமகனை அவர்தான் கொன்றாரா?"

என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஒருவரைக் கெடுக்கச் சொன்னவை. ஒருவரைக் காப்பாற்ற நான் சொன்ன முதல் பொய் இது. கண்ணில் லேசாக நீர் வரவைத்து, குரலை ஒரு படி இறக்கி, "ஆமாங்கய்யா. எங்கிட்ட எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்காரு" என்றேன். என் தொழிலின் சிகரம் அது.

திரையில் பச்சைக்கோடு நின்றது. அதுவரை குதித்துக்கொண்டே இருந்தது, அந்தக் கேள்விக்கு மட்டும் கயிறு கட்டிய மாதிரி நேராகப் படுத்துவிட்டது. பிறகு மறுபடி குதித்தது.

எனக்கென்னவோ அந்த நொடியிலும் வயிறு உறுமியது போலத்தான் இருந்தது. ஆனால் திரை வேறு சொல்லும்போது என் வயிற்றை நான் எப்படி நம்புவது?

"விளக்கெண்ணெய் குடிச்சீங்களா ஐயா?" என்றாள் டாக்டர், தலைநிமிராமல். "குடிக்காம இருந்திருந்தா இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்காது."

அடுத்த வாரமே மரியசூசையை விடுதலை செய்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது: கம்பெனி அதிகாரி அவர் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார், மரியசூசை தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி நிற்கிறார். 'நிரபராதியை மீட்ட குடல்தோழன்.' நாடெங்கும் எல்லாச் சிறைக்கும் உருண்டை வாங்க அரசாங்கம் முடிவு செய்ததும் அதே பக்கத்தில் இருந்தது. அவர் இல்லையென்றால் வீட்டில் இருந்த மகள்தானே என்று ரோசாரியைக் கைது செய்தது உள்பக்கத்தில், சின்ன எழுத்தில்.

"நான்தான்யா கொன்னேன், என்னய விடாதீங்க" என்று அவர் அலுவலகத்தில் கத்தியது வார்டுவரை கேட்டது. "உங்கள் வயிறும் இல்லை என்கிறதே" என்று சொல்லி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்களாம். கிளம்பும் அன்று காலை அவர் என்னைக் கடந்து போனார். "ஆச்சா?" என்று கேட்கவில்லை.

வார்டில் வேறு யாரும்கூடக் கேட்கவில்லை. காட்டிக்கொடுத்தவனுக்கு ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன? நான் என் வயிற்றோடு சண்டை போட்டேன். எழுபது வருஷம் களியும் கஞ்சியும் போட்டு வளர்த்ததற்கு நீ செய்த கைமாறு இதுதானா என்று கேட்டேன். சோறு போடாமல் நிறுத்தினேன்.

அப்படிப் பட்டினி கிடந்த ஒருநாள் ஆதிமூலம் சல்லடையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். என்னோடு பேசுகிற ஒரே ஆள் அப்போது அவன்தான். கக்கூஸ் கழுவுகிறவனுக்கு யார்மேலும் கோபம் நீடிப்பதில்லை.

"ஏன் அண்ணாச்சி, புது உருண்டை வாங்கலியா? எல்லாரும் வாங்கிட்டாவ."

"எதுக்குடே? பழசு உள்ளதான இருக்கு."

"எங்க இருக்கு? பதினாலு உம்மது தான? குழு கூடுன அன்னிக்குக் காலையிலயே சல்லடையில கெடந்துச்சே. நீரு ஓடுன ஓட்டத்துல டிங் சத்தம் உமக்குக் கேட்டிருக்காது. நான் கழுவி டாக்டரம்மா கையிலயே குடுத்தேன். நீரு குழுவுக்குப் போறதுக்கு முந்தியே."

 நான் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். உருண்டை வெளியே கிடந்தது. அப்படியென்றால் திரையில் குதித்த வயிறு யாருடையது? நின்ற வயிறு யாருடையது?

டாக்டர் சுகிர்தாவின் அறைக்கு வயிற்றுவலி என்று சொல்லித்தான் போனேன். உள்ளே போய், "பதினாலு" என்று ஒரே வார்த்தை சொன்னேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உருண்டைக்குக் காது இருக்கு ஐயா," என்றாள். "வயித்துச் சத்தம் கேக்க வச்ச காதுதான். பேச்சும் சேந்து கேட்டுடுச்சு. அந்தச் சுண்டல் அன்னிக்கு..."

"எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"நான் கேக்கல. கம்பெனியில அதுக்குன்னு ஆள் இருக்காங்க, காதுல மாட்டிக்கிட்டு. ஆனா ஒட்டுக்கேட்டோம்னு சொன்னா கோர்ட்ல நிக்காது. வயிறு சொல்லிச்சுன்னா நிக்கும். அதனால..."

"அதனால கோடு போட்டுக் காட்டினீங்க."

"ஒரு நிரபராதி வெளிய போனாரே ஐயா. அது தப்பா?" அவள் கண் கலங்கியிருந்தது. "செஞ்சது யாரோ அவங்கதானே உள்ள இருக்கணும்?"

நியாயமான கேள்வி. என்னைவிடச் சிறந்த தொழில்காரி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் நிலத்தைக் காட்டாமல் விற்றேன், அவள் என் வயிற்றையே எனக்குக் காட்டி விற்றிருக்கிறாள். அதுவும் உள்ளே இல்லாத உருண்டையை வைத்து.

"என் வயித்துல கைய வச்சீங்களே, அதுவும் கம்பெனி சொல்லித்தானா?" என்று மட்டும் கேட்டேன். அவள் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

வார்டுக்குத் திரும்பி, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். வயிற்றைத் தடவி மன்னிப்புக் கேட்டேன். பாவம், அது கடைசிவரை உறுமிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த மாதமே மரியசூசை என்னைப் பார்க்க மனு போட்டு வந்தார். கம்பிவலைக்கு அந்தப்பக்கம் இன்னும் சிறுத்துத் தெரிந்தார். துப்புவார் என்று நினைத்தேன்.

"வயிறு எப்படிவே இருக்கு?" என்றார்.

"இருக்கு. உமக்கு?"

"எரியுது. அன்னிக்குக் கைப்புள்ளையா இருந்த பேத்திதான் இப்ப பொங்குறா. பள்ளிக்கூடத்துக்குப் போற அவசரத்துல உப்ப ரெண்டுதரம் போட்டுருதா. சொல்ல மனசு வரல." பிறகு சொன்னார்: "ரோசாரியப் பாத்துட்டுத்தான் வாறேன். 'ஏம்ப்பா சொன்னீங்க'ன்னு கேக்கா. நான் சொல்லலம்மான்னேன். நம்பலவே. வெளிய வாறதுக்காவ நான் அவளக் காட்டிக்குடுத்துட்டேன்னு நெனக்கா. மொகத்தத் திருப்பிக்கிட்டா."

நான் பதினாலாம் நம்பர் கதையைச் சொன்னேன். உருண்டையின் காதைச் சொன்னேன். அவர் வலையில் நெற்றியை வைத்துக் கேட்டார். முடிந்ததும், சுண்டல் வலி போன அன்று மாதிரியே, மெல்ல முகம் தெளிந்தது.

"அப்ப கேஸ் நிக்காதே! நான் உள்ள வந்துரலாமாவே?"

விடுதலைக்கு ஏங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"வரலாம்," என்றேன். "ஆனா யாரு சொல்லுவா? ஆதிமூலம் வாயத் தொறந்தா அவன வேற செயிலுக்கு மாத்திருவானுவ. என் வாய யாரு நம்புவா? கொளத்த வித்த வாய்."

"வேற வழி?"

"யோசிக்கேன். நீரு போயி பேத்திக்கு உப்புப் போடப் படிச்சுக் குடும்."

எழுந்தவர் திரும்பி வலையில் விரலை நுழைத்தார். "ஆச்சாவே?" என்றார்.

"இன்னிக்கு ஆச்சு," என்றேன்.

இப்போது என் உள்ளே இருப்பது புது உருண்டை. டாக்டர் தரத் தயங்கினாள். நானே கேட்டு வாங்கி விழுங்கினேன். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, என் வயிற்றைப் பார்த்து இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வார்டு நினைக்கிறது. நினைக்கட்டும்.

எங்கோ ஒரு கண்ணாடி அறையில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். நீங்கள் தம்பியோ தங்கச்சியோ தெரியாது. சம்பளத்துக்குக் கேட்கிறீர்கள், தப்பில்லை. நானும் பிழைப்புக்குத்தான் பொய் சொன்னேன். நடுவில் வரும் கடமுடாவைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றும் சுண்டல். என் வாயை நம்ப வேண்டாம். குடல் நிற்கிறதா, ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிறகு இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம் எதுவென்று உங்களுக்கே தெரியும்.

மரியசூசையின் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. நான்தான் என் துணிகளைப் பரப்பி இடம் பிடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கும் இதே நேரத்தில் சொல்வேன். சொல்லி முடித்ததும், தினமும் கேட்பதை நாளைக்கும் கேட்பேன். உங்களைத்தான்.

ஆச்சா?